வலி இல்லாதபோதும் வாருங்கள்: கிளினிக் கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கிலுள்ள அரசு சுகாதார கிளினிக்குகளில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.

பிறை வாசகி: அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு). போகும்போதெல்லாம் கண், கால், சிறுநீர் என்று எதையாவது சோதிக்கிறார்கள். மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாதா, சிஸ்டர்?

கூடாது, அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிளினிக் பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான். இன்று அதே பெஞ்சில் உங்கள் அம்மா வயதுக்காரர்கள். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். காய்ச்சல்காரர் குணமாகிப் போய்விடுவார். நீரிழிவுக்காரர் ஆயுள் முழுக்க வர வேண்டியவர். அதனால்தான் விழித்திரையைப் படமெடுப்பதும் பாதத்தைச் சோதிப்பதும் கிளினிக்கின் அன்றாட வேலையாகிவிட்டன. மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அழுத்துவோம். கண்ணை மூடியிருக்கும் பெரியவர், "தொடுங்கள் சிஸ்டர், ஏன் இன்னும் தொடவில்லை?" என்பார். இழையோ அவர் பெருவிரலின் கீழ் வளைந்து நிற்கும். அந்தக் காலில் ஆணி ஏறினாலும் அவருக்குத் தெரியாது. அதை மருந்துப் பொட்டலம் சொல்லாது.

இன்னொன்று. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து அம்மாவைப் பட்டினி போட்டு அழைத்து வராதீர்கள். எச்பிஏ1சி சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பட்டர்வொர்த் அன்பர்: இன்சுலின் போட்டால் காலை எடுத்துவிடுவார்கள் என்கிறார்களே?

தலைகீழாகப் புரிந்துகொண்டது. மாத்திரை போதாத நிலையிலும் "ஊசி வேண்டாம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, புண் அழுகத் தொடங்கிய பிறகு சம்மதிக்கிறார்கள். அடுத்த மாதம் கால் போகிறது. பழி ஊசி மேல் விழுகிறது.

ஜெலுத்தோங் வாசகர்: மூட்டு வலிக்குச் சந்தையில் வாங்கிய ஒரு பொடி இரண்டே நாளில் கேட்டது. தொடரலாமா?

இரண்டே நாளில் கேட்டது என்பதால்தான் எனக்குப் பயம். பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு என்ற கடுமையான மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். இருந்தாலும் பொடியோடு கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். பல நாள் சாப்பிட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

பாயான் லெப்பாஸ் வாசகி: அப்பாவுக்கு மைசெஜாத்ரா செயலியில் கிளினிக் முன்பதிவு செய்யத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியுமே.

புக்கிட் மெர்தாஜாம் அன்பர்: இன்சுலின் போட ஆரம்பித்தால் கால்...

பட்டர்வொர்த் அன்பருக்குச் சொன்னதுதான்.

நிபோங் திபால் பெரியவர்: எங்கள் ரப்பர் தோட்டத்தில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) இருந்தார். நள்ளிரவிலும் வீட்டுக்கு வருவார். இன்று ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டும் அரசு கிளினிக்கில் என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இதுவா முன்னேற்றம்?

பாயான் பாரு வாசகர் (குறுக்கிட்டு): எல்லா நோய்க்கும் ஒரே மிக்ஸ்சர் மருந்தைக் கொடுத்துக் காலையில் ரப்பர் பால் வெட்ட அனுப்பியவர்தானே அந்த டிரெசர்?

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தோட்ட மருத்துவமனை துரைமார் கணக்கில் பிறந்தது. ஆள் படுத்தால் பால் வெட்டு நிற்கும். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கியதை இன்றும் பாராட்டுகிறோம், பாராட்டலாம். ஆனால் தோட்டத்தில் சுகாதாரம் எந்த அளவுக்கு என்பதை முதலாளிதான் தீர்மானித்தார். சுதந்திரத்தை ஒட்டி அரசு கிராமங்களில் கிளினிக்குகளைக் கட்டியது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் நம்மவர்களை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். அவர்களோடு டிரெசர் வரவில்லை.

பெரியவரே, நீங்கள் ஏங்குவது மிக்ஸ்சருக்கு அல்ல. எந்த வீட்டில் யார் குடிக்கிறார், எந்தப் பிள்ளை இளைத்திருக்கிறது என்று தெரிந்த ஓர் ஆளுக்கு. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் சில கிளினிக்குகளில் 'குடும்ப டாக்டர்' முறை வந்தது. நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் அதே டாக்டர், அதே தாதி பார்ப்பார்கள். உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா என்று முகப்பில் கேளுங்கள்.

பாயான் பாரு வாசகர்: அதே டாக்டரா? எனக்கு ஒவ்வொரு முறையும் புது முகம்.

மறுக்க மாட்டேன். 2016 இறுதியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்த முறையில்தான் எடுத்தார்கள். நாளை எங்கே என்று தெரியாதவர் உங்கள் பெயரை எப்படி மனத்தில் வைப்பார்? ஆனால் அந்தக் கோபத்தில் சிகிச்சைப் புத்தகத்தை வீட்டில் போட்டுவிட்டு வராதீர்கள். புது முகத்துக்கு உங்களைத் தெரியவைப்பது அதுதான்.

கூலிம் வாசகி: எனக்கு 47 வயது. இலவசப் பரிசோதனை உண்டா?

குடும்பத்துக்கு அரசின் ரஹ்மா ரொக்க உதவி கிடைக்கிறதென்றால், குறைந்த வருமானத்தினருக்கான 'பெக்கா பி40' பரிசோதனைத் திட்டத்தில் 40 வயதிலிருந்து உங்களுக்கும் கணவருக்கும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒத்திப்போடாதீர்கள். ரத்த அழுத்தம் வலிக்காது.

பெயர் குறிப்பிடாதவர்: நேற்றிலிருந்து படியேறினால் நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் வலிக்கிறது. எந்தத் தைலம் நல்லது?

தைலத்தை ஒதுக்கி வையுங்கள். 999ஐ அழையுங்கள், இப்போதே.

ஆயர் ஈத்தாம் வாசகர்: பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா? டிரெசர் கதையைப் படித்ததும் கேட்கத் தோன்றியது.

வருவார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடவும் குழாய் மாற்றவும் கிளினிக்கிலிருந்து வரும் இல்லப் பராமரிப்புச் சேவை இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பார்த்துக்கொள்ளும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். தாதி அவருக்கும் கற்றுத் தருவார். லிப்ட் பழுது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெட்டியைச் சுமந்துகொண்டு பத்து மாடி ஏறிய அனுபவம் எனக்குண்டு. அப்பாவுக்கு யாராவது எண்ணெய், பொடி கொடுக்கிறார்களா? எம்.ஏ.எல். எண்ணைப் பாருங்கள்.