வாசகர் கேள்வி - பதில்: வாத்தியார் புத்தகம் எழுதினால்

கேள்வி: எழுபதுகளில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்து, அதிபராக ஓய்வு பெற்றேன். என் அனுபவங்களை நாவலாக எழுதுவதா, நினைவுகளாக எழுதுவதா? நாவல் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்கிறார்கள் நண்பர்கள்.
(ஓய்வு பெற்ற அதிபர், மஸ்கெலியா)

அந்தக் காரணத்துக்காக மட்டும் நாவல் பக்கம் போய்விடாதீர்கள் சேர். தோட்டத்தின் பெயரை மாற்றிவிட்டு, ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) மேலே கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்) என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். அது எந்த டிவிஷன், அந்தக் கணக்கப்பிள்ளை யார் என்று டவுன் தேத்தண்ணிக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

நான் பார்ப்பது வேறு. ஒரு பிள்ளையைப் பற்றி வாத்தியாருக்குத் தெரிந்தது இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) பெயர் வெட்டப்படும் நாள் வரைக்கும்தான். அதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பினால் நினைவுகளாக எழுதுங்கள். அதற்கு அப்புறம் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தால், அங்கேதான் நாவலுக்கு வேலை.

உங்கள் காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரின் கணக்கு 1974-இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. இதை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் நான்காம் வகுப்பு இடாப்பில் ஒரே குடும்பத்து மூன்று பெயர்கள் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்து, ஓரத்தில் 'இந்தியா' என்று எழுதிவிட்டு, அன்றைக்கு மத்தியானமே அந்தப் பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது வாத்தியார்தானே? அப்பா கையெழுத்துப் போட்டாரா, பெருவிரல் அடையாளம் வைத்தாரா, கடைசிப் பிள்ளை சிலேட்டைத் திருப்பிக் கொடுத்ததா, இல்லை கொண்டே போய்விட்டதா? இதெல்லாம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நினைவுகளுக்கு இதுவே தாராளம்.

நாவல் என்றால் அந்தக் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி என்று நீங்களும் போக வேண்டும். திரும்பிப் போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை எப்படி, வீடு எப்படி என்று அங்கே இருப்பவர்களிடம் விசாரிக்காமல் ஊகத்தில் எழுதினால் முதல் அத்தியாயத்திலேயே பிடிபட்டுவிடும்.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். நம் ஆசிரியர்களின் தன்வரலாறுகள் பலவற்றில் முதல் நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு, பிரியாவிடை, நடுவில் நாலு வாழ்த்துரை, பொன்னாடைப் படம், இவ்வளவுதான் இருக்கிறது. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பையும் ஓர் ஆள் எப்படிச் சமாளித்தார் என்று ஒரு பக்கம் கூடக் கிடையாது. பின்னேரம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வந்து பிரஜாவுரிமைப் படிவத்தையும் ஊர்க் கடிதத்தையும் அதே மேசையில் வைத்து எழுதித் தரச் சொன்ன கதையும் கிடையாது. தயவுசெய்து அதை எழுதுங்கள்.

கேள்வி: எந்தச் சம்பவம் எந்த ஆண்டு என்று குழம்புகிறது. நாட்குறிப்பும் இல்லை.
(ஆசிரியை, பண்டாரவளை)

நம் ஆட்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், "இன்ன துரை காலத்தில்" என்று தோட்ட மனேஜரை வைத்துச் சொல்வார்கள். அதையே பிடித்துக்கொள்ளுங்கள் டீச்சர். கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்தது 1975-இல். அதற்கு முந்தியா, பிந்தியா? 1974 பஞ்சத்துக்கு முன்னாலா? 1977 ஓகஸ்ட் கலவரமா, 1983 ஜூலையா? 1992-இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனபோது நீங்கள் எந்தப் பாடசாலையில் இருந்தீர்கள்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் பாதி நேராகிவிடும். மீதிக்குப் பழைய பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகம் (அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும் ஏடு) கறையான் அரிக்காமல் இருந்தால், அதிபரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மாணவர் ஒருவர் இப்போது பெரிய ஆள். அவர் சின்ன வயதில் செய்த களவை எழுதலாமா? பெயரை மாற்றினால் சரிதானே?
(பெயர் வேண்டாம், தலவாக்கலை)

இலங்கையில் அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து 2002-இல் நீக்கப்பட்டது. நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட இன்றைக்கும் வழி இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும். பத்து வயதுப் பையன் பசிக்கு எடுத்த பணிஸை அறுபது வயதில் அவர் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டுமா? ஆளிடமே கேளுங்கள், சிரித்துக்கொண்டு சரி என்றாலும் சொல்வார். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவரை நீங்கள் எத்தனை அடி அடித்தீர்கள் என்பதை எழுத மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிரம்பே வராத பள்ளிக்கூட நினைவுகளை நான் நம்புவதில்லை.

கேள்வி: அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். விடிய விடியக் கதை சொல்வார், பேனாவைக் கொடுத்தால் "மாணவர் சமுதாயத்தின் எழுச்சி" என்று ஆரம்பித்துவிடுகிறார்.
(மகள், பதுளை)

பேனாவை வாங்கி வையுங்கள்! போனில் பதிவு செய்யுங்கள். "வாழ்க்கையைச் சொல்லுங்கள் அப்பா" என்றால் மேடைப் பேச்சுத்தான் வரும். "முன் பெஞ்சில் யார் யார் இருந்தார்கள், மழைக்குத் தகரம் ஒழுகினால் பிள்ளைகளை எங்கே உட்கார வைத்தீர்கள்" என்று கேளுங்கள். அப்புறம் அவர் பேசிய ஒழுங்கிலேயே எழுதிக் காட்டுங்கள், திருத்துவது அவர் பாடு.

கேள்வி: எத்தனை பிரதி அச்சடிக்கலாம்?
(வெலிமடை)

ஓய்வூதியப் பணத்தை முழுக்கப் போட்டு ஆயிரம் அடித்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைக்காதீர்கள். இருநூறு போதும், கேட்டு வந்தால் மறுபடி அடிக்கலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பெறலாம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்க முதலாளி வருவார், படம் எடுப்பார், போவார். படிக்கப் போவது பழைய மாணவர்கள்தான், அவர்களுக்கு முதலில் சொல்லி அனுப்புங்கள்.