செயற்கை உயிரியல்: நொதிகலன் (நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டி) பக்கம் நிற்பவரிடம் கேளுங்கள்

கேள்வி: மரபணு மாற்றத்துக்கும் செயற்கை உயிரியலுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: எல்லைக்கோடு மங்கலானது. பாக்டீரியாவில் தயாரித்த மனித இன்சுலினுக்கு அமெரிக்கா 1982-இல் அனுமதி அளித்தது. மரபணு மாற்றத்தில் வேலை, வேண்டிய மரபணுவை உள்ளே வைப்பது. செயற்கை உயிரியலில் பல மரபணுக்களை மின்சுற்றுப் போலக் கோக்கிறோம். 2000-இல், ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்களை வைத்து ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் ஒரு சுவிட்சையே செய்தார்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா கடலை எப்போது சுத்தமாக்கும்?

பதில்: அது ஆய்வகப் படைப்பே அல்ல, ஜப்பானில் பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்தில் கிடைத்தது, 2016-இல் அறிவித்தார்கள். பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தைச் சிதைக்க, 30 டிகிரி வெப்பத்தில் ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. அதன் நொதியை மேம்படுத்தித் தொட்டிக்குள் பயன்படுத்தலாம். கடலை மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஈஸ்டில் மலேரியா மருந்து செய்தது தோல்விதானே?

பதில்: இதற்காகவே வந்தேன். அமெரிக்க உயிரிப்பொறியாளர் ஜே கீஸ்லிங்கின் குழு 2006-இல், மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்கு மூலப்பொருளாகும் ஆர்டிமிசினிக் அமிலத்தை ஈஸ்டுக்குள் உருவாக்கியது. 2013-இல் லிட்டருக்கு 25 கிராம் எட்டியது. சனோஃபி என்ற மருந்து நிறுவனத்தின் ஆலையில் உற்பத்தியும் தொடங்கியது. அதற்குள் செடியிலிருந்து எடுக்கும் ஆர்டிமிசினின் விலை சரிந்திருந்தது. ஆலை பின்னர் கைமாறியது. உயிரியல் வென்றது, சந்தை வெல்லவில்லை. குடுவையில் கிடைத்ததைத் தொட்டியில் கிடைத்ததாக எண்ணாதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

கேள்வி (அதே நபர்): விற்காத பொருளைத் தோல்வி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பதில்: விலைப்பட்டியல் மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் செல்லின் பக்கம் நின்று பாருங்கள். அதற்கு உங்கள் மருந்து வீண் சுமை. பெருகுவதுதான் அதன் வேலை. ஒரு லிட்டரிலிருந்து ஒரு லட்சம் லிட்டருக்குப் போக அது சுமார் 17 முறை இரட்டிக்க வேண்டும். வழியில் ஏதோ ஒரு செல், மரபணுப் பிறழ்வால் சுமையை இறக்கிவிடும். மற்றவற்றை முந்திப் பெருகும். கடைசியில் தொட்டி நிறைய சோம்பேறிகள். இப்படி ஒரு தொட்டியை நானே சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். அந்த ஓட்டத்தை வென்று 25 கிராம் எடுத்தவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

கேள்வி (இன்னொருவர் குறுக்கிட்டு): அப்படியானால் ஆய்வகத்தை விட்டு வெளியேறினால் செத்துப்போகும்படி வைக்கிற தற்கொலைச் சுவிட்சையும் செல் இறக்கிவிடுமே?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். இறக்கத்தான் செய்யும், இன்னும் வேகமாக; சுவிட்ச் பழுதான செல் மட்டும்தானே உயிரோடு மிஞ்சும்? அதனால்தான் 2015-இல் இரு குழுக்கள் வேறு வழியில் போயின. இயற்கையில் இல்லாத அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானத் துண்டு) ஒன்று கிடைத்தால்தான் வாழ முடியும் என்கிறபடி ஈ.கோலையின் முக்கியப் புரதங்களை மாற்றியமைத்தார்கள். ஒரு பிறழ்வில் தப்ப முடியாது. பல இடங்களில் ஒரே நேரத்தில் மாற வேண்டும். சுவிட்ச் ஒன்றை மட்டும் காட்டிப் பாதுகாப்பானது என்று எவராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாற்றியமைத்த பாக்டீரியா மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நான் தொட்டிக்காரன்.

கேள்வி: கடல் பிளாஸ்டிக்குக்கு ஏதாவது...

பதில்: மேலே இரண்டாவது பதில்.