யாருக்கு எந்த அறை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டே அறை. பெரியது 12க்கு 10 அடி, சின்னது 10க்கு 9 அடி. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். சின்ன அறையில் அடுக்குக் கட்டில் போட்டுப் பிள்ளைகள் இருவரையும் விடலாம், மாமி ஹோலில் படுக்கட்டும் என்கிறார் கணவர். சரிவருமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: சரிவராது. உடை மாற்றவும், மாதவிடாய் நாட்களைச் சங்கடமில்லாமல் கழிக்கவும் உங்கள் மகளுக்குத் தாழ்ப்பாள் போடும் கதவு ஒன்று வேண்டும். அதனால் சின்ன அறை அவளுக்கும் மாமிக்கும். 3 அடி அகலக் கட்டில்கள் இரண்டை எதிரெதிர்ச் சுவரோரம் போட்டால் நடுவே 3 அடி நடைவழி மிஞ்சும். இரவில் எழும்பிக் கழிவறைக்குப் போகிறவர் மாமிதான் என்பதால் கதவுப் பக்கக் கட்டில் அவருக்கு.

அடுக்குக் கட்டிலை விட்டுவிடுங்கள். 9 அடி உயர அறையில் மின்விசிறி இறகு ஏறக்குறைய 8 அடியில் சுற்றும். மேல்தட்டு மெத்தை 5 அடியில் இருந்தால், ஒன்பது வயதுப் பிள்ளை முழங்காலில் நின்று கையை உயர்த்தினாலே இறகில் படும். கச்சான் வீசும் மாதங்களில் சூடும் மேலேதான் தேங்கும்.

மகனுக்கு ஹோலின் ஒரு மூலை. குழாயில் திரைச்சீலை தொங்கவிடுங்கள். காற்றுப் போக, தரையிலிருந்து அரை அடி உயர்த்தித் தையுங்கள். அலுமாரியை நடுவில் நிறுத்தி மறைப்பாக்க வேண்டாம். பிள்ளை இழுப்பறையில் கால் வைத்து ஏறினால் அப்படியே சாய்ந்துவிடும். அலுமாரி சுவரோரம் நிற்கட்டும், மேல்பக்கத்தை இரும்புக் கோணத்தால் சுவரில் முடுக்கிவிடுங்கள். நுளம்பு வலைக்கு நான்கு கொக்கியையும் இப்போதே அடித்துவிடுங்கள். கிழக்கு யன்னலுக்கு அடியில் மட்டும் கட்டிலைப் போடாதீர்கள்; கார்த்திகை, மார்கழி மழைச்சாரல் கடற்பக்கமிருந்து நேரே மெத்தையில் அடிக்கும், பூஞ்சணம் பிடித்த பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டும் மீட்பது கடினம்.

உண்மையான இழுபறி இடத்தில் இல்லை, நேரத்தில்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது 9 மணிநேரத் தூக்கம் வேண்டும். காலை 5.45க்கு எழுப்புவீர்கள் என்றால் இரவு 8.45க்கு அவன் தூங்கியிருக்க வேண்டும். ஆகவே ஹோலில் தொலைக்காட்சி 8.30க்கு நின்றாக வேண்டும். பெரியவர்களுக்குச் சிரமம்தான், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மகள் அதற்குப் பிறகும் படிப்பாள், மாமியோ விளக்கை அணைக்கச் சொல்வார். உங்கள் பெரிய அறை பத்தரை வரை சும்மாதானே கிடக்கிறது? படிப்பு மேசையை அங்கே போடுங்கள். நீங்கள் படுக்க வரும்போது அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பட்டும்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தையை இரவு முழுவதும் ஏணையில் விடலாமா?
– ஒரு வாசகி, சாம்பல்தீவு

பதில்: வேண்டாம். துணி வளைந்து தொங்குவதால் குழந்தையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு வழி ஒடுங்கலாம். இரவில் உங்கள் அறையிலேயே, உங்கள் கட்டிலை ஒட்டித் தனித் தொட்டிலில், இறுக்கமான தட்டை மெத்தையில் மல்லாக்காகப் படுக்க வையுங்கள். தலையணையோ பொம்மையோ உள்ளே வேண்டாம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை போடுங்கள்.