மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு வழிகாட்டி தேவையா?

கொச்சிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: யூதத் தெரு ஒரே ஒரு தெருதானே, நாமே சுற்றிப் பார்த்தால் போதாதா?

நடக்க நீங்களே போதும். ஆனால் விஷயம் தெரிந்த வழிகாட்டி இல்லாவிட்டால் அது வெறும் கடைத்தெருவாகத்தான் தெரியும். மிளகு வாசனை, பழம்பொருள் கடைகள், அவ்வளவுதான். ஜன்னல் கம்பிகளில் இருக்கும் யூதச் சின்னமான ஆறுமுனை நட்சத்திரத்தை யாராவது காட்டினால்தான் கண்ணில் படும்.

தெருக்கோடியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் (யூதர்களின் வழிபாட்டிடம்; 'பரதேசி' என்றால் இங்கே வெளிநாட்டவர் என்று பொருள்). செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலடியில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. குனிந்து நிதானமாகப் பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்தி மேல்மாடத்தைப் பாருங்கள்: மறை வாசிக்க அங்கே இரண்டாவது மேடை ஒன்று உண்டு. இது கேரள யூத ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. பக்கத்து மணிக்கூண்டு 1760-இல் யூத வணிகர் எசக்கியேல் ரஹபி எழுப்பியது.

வழிகாட்டியிடம் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு இதே ஆலயத்தில் சம இடம் மறுக்கப்பட்டது. அதை எதிர்த்து சேலம் இங்கேயே சத்தியாகிரகம் செய்து போராடினார். ஓடுகளின் அழகை மட்டும் சொல்லி இதை விட்டுவிடும் வழிகாட்டி, என்னைப் பொறுத்தவரை, பாதிக் கதைதான் சொல்கிறார்.

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், ஆலயம் திறக்காது. வெள்ளி பிற்பகலும் தவிர்த்துவிடுங்கள்.