மக்காச்சோளத்திலிருந்து கார்ப்பெட் நூல்: கேள்வி பதில்

கேள்வி: பாக்டீரியாவை வைத்து கெமிக்கல் தயாரிப்பது ஆய்வுக்கூடத்தோடு சரியா, ஆலை அளவில் நடக்கிறதா சார்?

பதில்: நடக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் லவுடன் என்ற ஊரில், டுபான்ட், டேட் அண்ட் லைல் என்ற இரு நிறுவனங்கள் கூட்டாகக் கட்டிய ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மக்காச்சோளக் குளுக்கோஸை ஈ.கோலை என்ற பாக்டீரியா தின்று 1,3-புரொப்பேன்டையால் (சுருக்கமாக டையால்) என்ற கெமிக்கலாக மாற்றும். அதை டெரிப்தாலிக் அமிலத்தோடு இணைத்தால் சொரோனா என்ற பாலிமர் கிடைக்கும். கார்ப்பெட், துணி இரண்டுக்கும் அதிலிருந்து நூல் எடுக்கிறார்கள்.

கேள்வி: ஈ.கோலைக்கு இந்த வேலை இயல்பாகவே தெரியுமா?

பதில்: தெரியாது. குளுக்கோஸைக் கிளிசரால் ஆக்க ஈஸ்டுக்குத் தெரியும்; கிளிசராலை டையாலாக்க கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குத் தெரியும். இருவரின் ஜீன்களையும் ஈ.கோலைக்குள் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசிப் படிதான். அதற்கும் கிளெப்சியெல்லாவின் நொதியைத்தான் முதலில் நம்பினார்கள். ஆனால் ஈ.கோலையிடம் ஏற்கெனவே இருந்த ஒரு நொதியே அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்தது!

அப்புறம் சில ஒட்டுவேலைகள். குளுக்கோஸை உள்ளே இழுக்க ஈ.கோலை வழக்கமாகப் பிஇபி என்ற ஆற்றல் நிறைந்த மூலக்கூறைச் செலவழிக்கும். அந்த வழியை அடைத்துவிட்டு, வேறு வழியாகச் சர்க்கரையை ஏற்ற வைத்தார்கள். கிளிசராலை மாற்றும் நொதிக்கு வைட்டமின் பி12 வேண்டும், ஈ.கோலையால் அதை முதலிலிருந்து உருவாக்க முடியாது என்பதால் பாக்டீரியா வளரும் தொட்டியில் வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு லிட்டருக்கு 135 கிராம் டையால் வரை எட்டினார்கள்.

கேள்வி: அப்படியென்றால் சொரோனா முழுக்கச் செடியிலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. எடையில் சுமார் 37 சதவீதம்தான். டெரிப்தாலிக் அமிலம் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. லேபிளில் ‘தாவர மூலம்’ என்று போட்டிருந்தால், எத்தனை சதவீதம் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜீன் வேலை முடிந்தால் மீதி சுலபம்தானே?

பதில்: அங்கேதான் பணம் கரைகிறது. இந்த டையால் சுமார் 214 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100-இல். அதாவது தொட்டியில் இருக்கும் அத்தனை தண்ணீரையும் முதலில் ஆவியாக்க வேண்டும். செல்களை வடிகட்டுவது, உப்பை நீக்குவது எல்லாம் அதற்கும் முன்னால். லிட்டருக்கு 13 கிராம் மட்டும் கிடைத்திருந்தால் தண்ணீரை விரட்டும் செலவிலேயே திட்டம் படுத்திருக்கும். நடுவில் பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ் புகுந்தால் தொட்டி முழுவதும் வீண்.

கேள்வி: இந்தப் பாக்டீரியா வெளியே தப்பினால் ஆபத்தா?

பதில்: பயன்படுத்துவது கே-12 வகை. பல பத்தாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து மென்மையாகிப்போனது, குடலில் நிலைத்துக் குடியேறும் திறன் இல்லாதது. நோய் தரும் ஈ.கோலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பி.டெக் பயோடெக் படிக்கிறேன் அண்ணா. இந்தத் துறைக்கு எதைக் கற்க வேண்டும்?

பதில்: ஜீன் எடிட்டிங் எல்லாரும் கற்கிறார்கள். நீங்கள் கூடவே கெமிக்கல் இன்ஜினியரிங் பக்கம் போய் காய்ச்சி வடித்தலும் பிரித்தலும் படியுங்கள்.