சோறு, தண்ணி, தூக்கம்: பினாங்கில் கேட்ட கேள்விகள்

அக்கா, சோற்றையே விட்டுட்டேன், இப்போது பசியாற ரொட்டி சானாய், ராத்திரிக்கும் அதுதான். ஆனாலும் ரத்தத்தில் சீனி இறங்கலையே? (ஆயர் ஈத்தாம்)

தம்பி, சோற்றை விட்டுவிட்டு மைதாவையும் எண்ணெயையும் பிடித்திருக்கிறீர்கள், அப்புறம் எப்படி இறங்கும்? சரி, கூடவே எத்தனை தே தாரிக் (கட்டிப்பால் ஊற்றி ஆற்றிய டீ) என்று எழுதவே இல்லையே. கட்டிப்பாலில் கிட்டத்தட்ட பாதி சீனிதான், ஒரு மேசைக்கரண்டியிலேயே 9, 10 கிராம் வந்துவிடும், டீ போடும் மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடைக்காரர் ஒரு கரண்டியோடு நிறுத்துகிறாரா என்று நின்று பாருங்கள். கூடுதலாகச் சேரும் சீனி நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்றாலும் கட்டிப்பால் விழத்தான் செய்யும், 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத டீ) கேளுங்கள். சோறு பாவம், அதைத் திரும்பக் கூப்பிடுங்கள்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காயும் பழமும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) இதுதான். மருந்து சாப்பிடுகிறவர் என்றால் கிளினிக்கில் கேட்காமல் மருந்தின் அளவைக் குறைக்காதீர்கள்.

ஞாயிறு மட்டும் தண்ணீர்மலையில் நடக்கிறேன், போதுமா?

வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்க நடந்தால் கணக்கு சரி. ஆனால் பாதி நேரம் குரங்கைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது நடையில்லை. சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் பிளாட்டுக்குக் கீழே நடந்து பாருங்கள், தசை அந்த நேரத்தில் ரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும்.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் நைட் ஷிப்ட். விடிந்து வந்தால் தூக்கம் வரலை, பசி மட்டும் அடங்கலை. உடம்பு போடுது அக்கா.

தங்கச்சி, பேராசை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன் இறங்கும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. காப்பி குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதில் பாதி உடம்பில் இருக்கும், அதனால் நள்ளிரவுக்கு மேல் வேண்டாம். பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் முடித்துவிடுங்கள், மூன்று மணிக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் பிரிக்காமல் முட்டை, பழம் போதும். வீடு வந்ததும் கெட்டித் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுங்கள், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார், நடுவில் மூச்சு நின்ற மாதிரி இருக்கு.

இதை நடையாலும் சாப்பாட்டாலும் மட்டும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம், ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள், அவரைத் தனியாக அனுப்பினால் 'நல்லாத்தான் தூங்குறேன் டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.