நாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காட்டோரம் தங்கப் போகிறோம், உண்ணிக்கு என்ன செய்வது?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்குக் கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் வீட்டில் தங்கப் போகிறோம். 2 வயது லேப்ரடாரும் 7 வயது மகளும் கூட வருகிறார்கள். உண்ணிதான் பயமாக இருக்கிறது. நாய்க்கும் எங்களுக்கும் என்ன பாதுகாப்பு செய்துகொள்ள வேண்டும்?

பதில்:

கிளம்புவதற்கு முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று. உண்ணி விஷயத்தில் பாதி வேலை கிளம்பும் முன், மீதி வேலை வெளியே போய்த் திரும்பிய அன்று ராத்திரி. நடக்கும்போது செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நாங்கள் கோவையில் மருதமலை அடிவாரத்துப் பக்கம் இருக்கிறோம், எங்கள் வீட்டு நாட்டு நாயோடு தினமும் காலையில் புதர்க்காட்டோரம் நடப்பது வழக்கம், அதனால் உண்ணி பார்ப்பது எங்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி அன்றாட வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் அமெரிக்காக்காரர்கள் எழுதியதுதான் மேலே வந்து நிற்கும். அங்கே பெரிய பயம் லைம் நோய். அந்தக் கிருமி உடம்புக்குள் இறங்க உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் 24 மணி நேரத்துக்குள் பிடுங்கிவிட்டால் பயமில்லை என்று எழுதுகிறார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நம் ஊர் நாய்மேல் ஏறுவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி, அது சுமந்து வரும் எர்லிக்கியா கிருமி கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடம்புக்குள் போய்விடும். அதனால் 'நாளைக்குக் காலையில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிற பேச்சே நமக்கு ஆகாது. கூடவே, கையால் தேடிப் பிடுங்குவதை மட்டும் நம்பி நாயைக் காட்டோரம் கூட்டிப்போகவும் கூடாது, மருந்து உள்ளே இருந்தாக வேண்டும்.

மருந்துக்கு இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இப்போது பரவலாகக் கொடுப்பது மெல்லும் மாத்திரைகள்: நெக்ஸ்கார்ட் ஒரு மாதத்துக்கு, சிம்பாரிகா 5 வாரத்துக்கு, பிராவெக்டோ சுமார் 12 வாரத்துக்கு. எல்லாமே நாயின் எடையைப் பார்த்துக் கொடுப்பது, லேப்ரடார் சட்டென்று எடை போடுகிற ஜாதி, அதனால் போன வருஷத்துச் சீட்டில் இருக்கிற எடையைச் சொல்லி மருந்துக்கடையில் வாங்காமல் அன்றைக்கே நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், இந்த வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று 2018-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. மற்ற நாய்களுக்குப் பயந்து நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை, எங்கள் நாய்க்கும் இதைத்தான் கொடுக்கிறோம்.

மாத்திரையில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. அது உண்ணியை விரட்டாது. உண்ணி ஏறிக் கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும், அதற்குப் பிறகு சாக ஒரு நாள், சில மருந்தில் இரண்டு நாள்கூட ஆகும். அதாவது மாத்திரை போட்ட நாயின் முடிக்குள் இன்னும் கடிக்காத உண்ணி உயிரோடு உட்கார்ந்து வீட்டுக்குள் வரலாம், சோபாவில் இறங்கலாம், நாயைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பிள்ளைமேலும் ஏறலாம். அதனால்தான் சில மருத்துவர்கள் காட்டோரம் போகிறவர்களுக்கு விரட்டும் மருந்து தோய்ந்த காலரையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். மாத்திரையோடு காலரும் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாகச் சேர்க்க வேண்டாம். காலரின் மருந்து தோல் முழுக்கப் பரவச் சில நாள் பிடிக்கும், கிளம்புகிற அன்று மாட்டினால் பிரயோஜனம் இல்லை. உங்கள் மகள் அந்தக் காலரைப் பிடித்து விளையாடவோ, தொட்ட கையை வாயில் வைக்கவோ விடாதீர்கள். கழுத்துப் பின்னால் சொட்டு விடுகிற ஸ்பாட் ஆன் மருந்து வாங்கினால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் இருங்கள். அப்புறம், தங்கும் இடத்தில் பூனை இருந்தால் ரொம்பக் கவனம்: நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம், உயிரே போகும்.

மாட்டு உண்ணிக்கு என்று வாங்கிய மருந்தை வாளித் தண்ணீரில் குத்துமதிப்பாகக் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். அளவு கூடினால் நாய் எச்சில் ஒழுக்கி நடுங்கிப்போகும், நக்கி உள்ளே போனால் இன்னும் மோசம். செய்யாதீர்கள். வேப்பெண்ணெய், மஞ்சள் எல்லாம் வீட்டளவில் சரி, காட்டோரத்துக்கு அவை போதாது.

இனி நடக்கும்போது. உண்ணி பறக்காது, தாவாது, மரத்திலிருந்து குதிக்காது. புல்லின் நுனியிலோ உண்ணிச்செடி (லண்டானா) புதரின் ஓரத்திலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். நம் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் அந்தக் கால்களுக்குத் தெரியும். உரசிக்கொண்டு போகிற எதன்மேலும் தொற்றிக்கொண்டு மேல்நோக்கி ஊரும். அதனால் பாதையின் நடுவில் நடந்தாலே பாதிக்குமேல் தப்பிக்கலாம். மாடும் மானும் நடக்கிற ஒற்றையடித் தடத்தின் ஓரப் புல், சருகுக் குவியல், விழுந்து கிடக்கிற மரம், இந்த மூன்று இடத்திலும் உட்காராதீர்கள், நாயையும் படுக்க விடாதீர்கள். நாயை லீஷில் வையுங்கள். கூடலூரை ஒட்டியே முதுமலை இருக்கிறது, காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் நாயோடு போகவே கூடாது, எஸ்டேட் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். (உண்ணிக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு, இருட்டிய பிறகு நாயை வெளியே கட்டிப்போட வேண்டாம்.)

உங்கள் மூவருக்கும் வெளிர் நிறத்தில் முழுக்கால் பேண்ட், அதன் முனை சாக்ஸுக்குள். அட்டைக்கடிக்காக விற்கிற முழங்கால்வரை வரும் லீச் சாக்ஸ் இதற்கும் நன்றாக உதவுகிறது, நெருக்கமான துணி, ஊர்ந்து வருவது பளிச்சென்று தெரியும். அட்டைக்குத் தடவுகிற உப்பும் மூக்குப்பொடியும் உண்ணியிடம் எடுபடாது. 20 முதல் 30 சதவீதம் டீட் உள்ள விரட்டியை வெளியே தெரிகிற தோலில் தடவலாம், பிள்ளையின் கைவிரல்களிலும் கண், வாய் பக்கமும் வேண்டாம். அதையே நாய்க்குத் தடவிவிடாதீர்கள், நக்கிவிடும், டீட் நாய்க்கு ஆகாது.

வீட்டுக்குத் திரும்பியதும் வாசலிலேயே வேலை ஆரம்பம். போட்டிருந்த துணியைக் கட்டில்மேல் போடாமல் நேராகக் கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் ஊறப்போடுங்கள், பச்சைத்தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது. உடனே குளியல். குளிக்கும்போது மகளின் காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், அக்குள், தொப்புள், இடுப்பு எலாஸ்டிக் பதிந்த இடம், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் எல்லாம் நீங்களே பாருங்கள். இளம் உண்ணி ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், புதிதாக ஒரு மச்சம் வந்த மாதிரி தெரிந்தால் நகத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும், கால் இருக்கும்.

நாய்க்குக் கண்ணைவிடக் கைதான் நம்பகம். வெளிச்சமான இடத்தில் படுக்க வைத்து, விரல்நுனியைத் தோலில் அழுத்தி முடிக்கு எதிராக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். லேப்ரடாருக்கு அடிமுடி அடர்த்தி, மேலே தடவினால் ஒன்றும் அகப்படாது. காதை மடித்து உள்மடிப்பு, இமை ஓரம், காலரைக் கழற்றிக் கழுத்தைச் சுற்றி, அக்குள், வாலின் அடி, ஒவ்வொரு பாதத்திலும் விரல் இடுக்கு. எங்கள் நாயிடம் அதிகம் அகப்படுவது விரல் இடுக்கில்தான், அந்த இடத்தைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. பசியோடு இருக்கும் உண்ணி தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி ஊதிப்போய்ச் சாம்பல் நிறத்தில் ஆமணக்கு முத்து மாதிரி இருக்கும்.

எடுப்பதற்குக் கூர்முனை ட்வீசர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டி வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேர் மேலாக ஒரே சீராக இழுங்கள். சில விநாடி பிடிவாதமாக இருக்கும், அப்புறம் வந்துவிடும். மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், அவஸ்தைப்பட்ட உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடலாம், நாம் எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதுவே நடக்கும். நகத்தால் நசுக்குவதும் கூடாது. எடுத்ததை ஸ்பிரிட் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு மூடுங்கள், கடித்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் முனை உள்ளே ஒடிந்து நின்றுவிட்டால் ஊசியால் நோண்ட வேண்டாம், உடம்பே தள்ளிவிடும். நாய்க்கு அந்த இடம் சில நாள் சின்னக் கட்டியாக இருப்பது வழக்கமானதுதான்.

ஒன்றிரண்டு உண்ணி வீட்டுக்குள் தப்பிவிட்டால் அதோடு போகாது. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. குடித்து முடித்த பெண் உண்ணி நாயிடமிருந்து கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலை இடுக்கிலோ ஒளிந்து ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். ஊர் திரும்பியதும் நாய் படுக்கிற விரிப்பைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டு, படுக்கும் மூலையில் சுவர் விரிசலை அடைத்துவிடுங்கள். சுவரில் உண்ணி ஏறுவதைப் பார்த்தால் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே இருப்பதால் தீராது, வீட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கூடலூர் என்பதால் குரங்குக் காய்ச்சலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் முதன்முதலில் கண்டுபிடித்த வைரஸ் நோய் இது, பரப்புவது காட்டு உண்ணி. 2012, 2013 வாக்கில் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு பக்கமும் தென்பட்டது. மழை முடிந்து காடு காய்கிற டிசம்பர் முதல் மே வரைதான் அதன் காலம், நீங்கள் போவது அந்த ஆரம்பத்தில். செத்துக் கிடக்கிற குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், நாயை இழுத்துக்கொண்டு விலகி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். போகும் முன் எஸ்டேட் ஆட்களிடம் இந்தப் பருவத்தில் அப்படி ஏதும் நடந்ததா என்று கேளுங்கள், அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

திரும்பி வந்த பிறகு மூன்று வாரம் கவனமாக இருங்கள். நாய் சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடப்பது, காய்ச்சல், ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், சிவந்தோ கருத்தோ போகும் சிறுநீர், இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. பக்கத்து வீட்டு லேப்ரடார் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததை வெயில் என்று நினைத்தார்கள், மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தபோது ரத்தத் தட்டணுக்கள் படுபாதாளத்தில் இருந்தன. எர்லிக்கியாதான். டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் 28 நாள் கொடுத்துப் பிழைத்தது. பலர் ஐந்தாம் நாளே நாய் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், கிருமி உள்ளே பதுங்கி மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும். நீங்களாக டாக்ஸிசைக்ளின் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம், அதே உண்ணி பரப்புகிற பேபீசியா என்கிற இன்னொரு கிருமிக்கு மருந்து வேறு.

உங்களில் யாருக்காவது காய்ச்சலும் கடுமையான தலைவலி, உடம்பு வலியும் வந்தால் டெங்கு, டைபாய்டு என்று பார்த்துக்கொண்டே நாள் போக விடாதீர்கள். எந்த ஊருக்குப் போனோம், எந்தத் தேதியில், நாயோடு புதர்ப்பக்கம் நடந்தோம், உண்ணி எடுத்தோம் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் நம் பக்கம் அதிகம் வருகிற ஸ்க்ரப் டைபஸ் உண்ணியால் வருவதுகூட இல்லை, அதே புதரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சால் வருவது. அது கடித்த இடத்தில் பலருக்கு வலியே இல்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருப்பதால் நோயாளிக்கே தெரியாது. அந்தப் பொருக்கைக் காட்டினால் மருத்துவருக்கு உடனே புரியும், சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். வழக்கமாகப் போடுகிற பல ஆன்டிபயாடிக் ஊசிகள் அதற்குக் கேட்காது. அதனால் மகளுக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் உடம்பு முழுக்க ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.